பழைய கார் வைத்திருக்கும் ஐயாமாருக்கு ஒரு பாஸின் மகள் எழுதுவது

வணக்கம்.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் வசந்த காலம் தொடங்கியதும் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பழைய லேன்ட் ரோவருமாக வரிசை கட்டி மலை ஏறி வருகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கராஜில் கைத்தொழில் தெரிந்தவர், என் அப்பா அப்படி ஒரு மெக்கானிக் பாஸ். உங்களில் யாரையும் எனக்கு ஆளாகத் தெரியாது. ஆனால் உங்கள் கார்களில் சிலவற்றை நன்றாகவே தெரியும். சத்தத்தை வைத்து எது யாருடைய வண்டி என்று சொல்கிற வித்தை அப்பாவுக்குத்தான் வரும், எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது அந்தக் கார்களுக்கு எந்த வருடம் என்ன வருத்தம் வந்தது, எவ்வளவு செலவானது, யார் இன்னும் காசு தரவில்லை என்பது மட்டும்தான். எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன்.

2025 ஏப்ரலில் நானும் மகனும் நுவரெலியாவுக்குப் போயிருந்தோம். மைதான ஓரமாகப் பழைய கார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு பச்சை மொரிஸ் மைனருக்கு முன்னால் சின்னப் பலகை ஒன்று. 1957ஆம் ஆண்டு வண்டி, 948 சீசீ என்ஜின், முதல் சொந்தக்காரர் திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர், 2018இல் கொழும்பில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. அவ்வளவுதான். நான் ஆசிரியை, கழித்தல் கணக்கு தானாக வரும்: நடுவில் 61 வருடம். அந்த 61 வருடமும் கார் தானாகவா ஓடியது? பக்கத்தில் நின்ற சொந்தக்காரரிடம் கேட்டேன். நல்ல மனிதர், மகனை ஸ்டியரிங் பிடித்து உட்கார வைத்துப் படம்கூட எடுக்க விட்டார். "மலைநாட்டில் யாரோ ஒரு பாஸ்தான் பார்த்திருக்கிறார், பெயர் தெரியாதே மிஸ்" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியாது. எனக்குத்தான் வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

அப்பா 1949இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964இல், 15 வயதில், ஹட்டனில் ஒரு கராஜில் கோலயாவாக, எடுபிடிப் பையனாக, சேர்ந்தார். தேத்தண்ணி வாங்கி வருவது, மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவுவது, காருக்கு அடியில் படுத்திருக்கும் பெரிய பாஸுக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுப்பது. கேட்ட சைஸை விட்டு வேறு சைஸைக் கொடுத்தால் அதே ஸ்பனர் கால் மொளியில் திரும்பி வருமாம். அப்படிப் படித்த படிப்புதான். அந்தக் காலத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதுக் கார் இறக்குமதி இறுகிப் போயிருந்தது, உள்ளூரில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அப்புறம் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் வெள்ளைக்காரத் துரைமார் மிச்சப்பேரும் கப்பல் ஏற, அவர்களுடைய கார்கள் கடை முதலாளி, டொக்டர், பெரிய கிளாக்கர் என்று கை மாறின. கார் மட்டும்தான் மாறியது, பாஸ் மாறவில்லை.

மொரிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948இல் வந்து 70களின் தொடக்கத்தோடு நின்றுபோன வண்டி. அது அங்கே நின்ற பிறகு இங்கே எத்தனை வருடம் ஓடியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பார்ட்ஸ் வேண்டுமென்றால் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பழைய டயர் டியூபை வெட்டி ரப்பர் புஷ், மட்டையை வைத்துச் சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டி வெட்டிய கேஸ்கட், லேத் கடையில் கெஞ்சிக் கடைந்து வாங்கிய பித்தளைத் துண்டு.

கொழும்பில் செட் பண்ணிய கார் இங்கே ஏறி வந்தால் இழுக்காது, கறுப்புப் புகை விடும், பிளக் கரி பிடிக்கும், இது உங்களுக்கே தெரிந்திருக்கும். மேலே வர வரக் காற்று லேசாகிறது, கலவையில் பெட்ரோலின் பங்கு கூடிவிடுகிறது. அப்பா இதற்கு மெஷின் எதுவும் வைத்திருக்கவில்லை. என்ஜினைச் சூடாக்கி ஓட விட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற எஸ்.யு. காபரேட்டருக்குள் இருக்கிற பிஸ்டனை மெல்லிய ஸ்குரு டிரைவர் நுனியால் நகக்கண் அளவுக்குத் தூக்கிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார், பார்த்தால் காது கேட்காது என்பது போல. வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் கூட. தடுமாறி அணையப் போனால் குறைவு. ஒரே ஒரு தரம் லேசாக ஏறி மறுபடி தன் நிலைக்கு வந்தால் சரி. கூட என்றால் அடியில் உள்ள ஆறு பட்டை நட்டை ஒரே ஒரு பட்டை மேலே ஏற்றுவார், மறுபடி தூக்குவார், மறுபடி முகத்தைத் திருப்புவார். கராஜ் வாசலில் நின்று நான் இதை எத்தனை நாள் பார்த்தேன் என்று கணக்கில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போவேன், அவர் வேலை முடித்த பிறகு இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏற. "ஒரு பட்டைக்கு மேலே திருகுகிறவன் பாஸ் இல்லை பிள்ளை, அவன் ஆத்திரக்காரன்" என்பார்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் நுவரெலியா உயரத்தில் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். நான் இதை விஞ்ஞானப் பாடத்தில் படித்துவிட்டு வந்து பெரிய மனுஷி போல அவருக்குச் சொன்னேன். "அதனாலதான் ரம்பொடை ஏறி முடியுமுன்னே ரேடியேட்டர் கொதிக்குது" என்றார், ஆச்சரியமே படாமல்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவர் ஆத்மா மன்னிக்காது. உங்கள் மொரிஸின் முன் சக்கரம் இரண்டும் தொங்கிக்கொண்டிருப்பது டிரனியன் என்று சொல்கிற, மரையில் திரும்புகிற மூட்டுகளில். அதற்கு ஒழுங்காகக் கிரீஸ் போகவில்லை என்றால் மரை தேய்ந்து ஒரு நாள் சக்கரம் அப்படியே மடங்கி வெளியே சாயும். சமதரையில் மடங்கினால் வெட்கத்தோடு போகும். கினிகத்தேனை வளைவில் மடங்கினால் கீழே தேயிலை, அதற்குக் கீழே ஆறு. அதனால் பிளக் மாற்ற வந்த காருக்கும், ஹோர்ன் அடிக்கவில்லை என்று வந்த காருக்கும், அப்பா கேட்காமலே கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தடியில் படுத்துவிடுவார். அதற்குக் காசும் எழுத மாட்டார். முதலாளிக்கு இதில் பெரிய கோபம்.

முதலாளி என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா அந்தக் கராஜில் 2005 வரை, 41 வருடம் வேலை செய்தார். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. எங்கள் அப்பாவின் பெயரில் ஒரு மாதம்கூடக் கட்டியதில்லை. சம்பளச் சீட்டும் கிடையாது, சனிக்கிழமை கையில் காசு. அடையாள அட்டையே பிரஜாவுரிமைக் குளறுபடியில் பிந்தித்தான் கிடைத்தது. அதுவரை லைசன்ஸ் எடுக்காமல், தான் செட் பண்ணிய காரைக் கராஜ் வாசலிலிருந்து முச்சந்தி வரைக்கும்தான் ஓட்டிப் பார்ப்பார். அவர் போன பிறகு ஒரு அலுவலகத்தில் போய், அப்பா இத்தனை வருடம் தொழில் செய்தவர் என்று சொன்னபோது, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். ஆதாரம் உங்களிடம் இருக்கிறது, போர்டிகோவில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்கள்.

என்னிடம் இருப்பது நாலு சீ.ஆர். கொப்பி, தடித்த கணக்குக் கொப்பிகள். அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர், ஆனால் செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதி வைத்தார். கார் நம்பர், ஊர், செய்த வேலை, வாங்கிய காசு. கிரீஸ் விரல் அடையாளம் இல்லாத பக்கம் ஒன்றுகூட இல்லை. நம்பர் எழுதும்போது நடுவில் வருகிற சிங்கள ஸ்ரீயைப் படம் வரைவது போல நிதானமாக எழுதியிருக்கிறார். இதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. 1957இல் அரசாங்கம் அந்தச் சிங்கள எழுத்தை எல்லா வாகனங்களின் நம்பர் தகட்டிலும் கொண்டு வந்தபோது எழுந்த எதிர்ப்பு மலையகத்துக்கும் பரவி, தார் பூசி அழித்தார்கள். 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் செத்தார்கள். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது, தார் வாளியோடு ஓடியவர்களை நேரில் பார்த்தவர். நீங்கள் இன்றைக்கு "ஒரிஜினல் ஸ்ரீ நம்பர்" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள், சொல்லுங்கள், தப்பில்லை, ஆனால் அந்தத் தகட்டுக்குப் பின்னால் இந்தக் கதையும் ஆணி அடித்துத்தான் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டால் அப்பா, "அது காரோட பேரு பிள்ளை, பேரைத் தப்பா எழுதக்கூடாது" என்று முடித்துவிடுவார்.

அவர் இறந்தது 2022 ஜூன் மாதம். எண்ணெய் வரிசை ஹட்டன் டவுனைச் சுற்றிக் கிடந்த நாட்கள். பெட்டியைக் கொண்டு போக வாகனம் கிடைத்தது, பெட்ரோல் கிடைக்கவில்லை. அவரிடம் கார் பார்த்த ஒரு பழைய மனிதர் தன் ஒஸ்டினில் இருந்து டியூப் வைத்து வாயால் இழுத்து மூன்று போத்தல் எடுத்துக் கொடுத்தார். அவர் இந்த மடலைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அண்ணே, அந்தக் கடன் எங்கள் கணக்கில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025இல் மறுபடி திறக்கும் வரை பழைய காருக்கெல்லாம் விலை எங்கோ போனது உங்களுக்குத் தெரியும். விலை ஏற ஏறச் சரித்திரப் பலகையும் அழகாகிக்கொண்டே வருகிறது. அந்தப் பலகையில் துரையின் பெயர் இருக்கிறது, பெயின்ட் கம்பனியின் பெயர் இருக்கிறது. பாஸ்மாரின் பெயரையும் போடுங்கள். என் அப்பாவுடையதை மட்டும் கேட்கவில்லை. தலவாக்கலை, நோர்வூட், மஸ்கெலியா, ராகலை என்று ஒவ்வொரு டவுனிலும் ஒரு மெக்கானிக் பாஸ், தகடு தட்டி நிமிர்த்துகிற ஒரு டிங்கர் பாஸ், ஒரு வயரிங் பாஸ் இருந்தார்கள், தமிழர் சிங்களவர் முஸ்லிம் எல்லாரும்தான். கதவுத் தூணுக்குள்ளிருந்து டக்கென்று எழும்பி வழி காட்டுமே அந்தச் சின்னக் கை, அதை மட்டுமே பழுது பார்த்த ஒரு வயரிங் பாஸை எனக்குத் தெரியும். உங்களுக்கு யார் என்று தெரியாவிட்டால் காரை விற்றவரிடம் கேளுங்கள், அவருக்கு விற்றவரிடம் கேளுங்கள். என்ஜின் நம்பர் ஒரிஜினலா என்று பார்க்க எவ்வளவு தூரம் போவீர்கள்? அதில் பாதி போதும்.

ஹட்டன் பக்கம் ஓடிய கார் என்றால் நம்பரை எனக்குச் சொல்லுங்கள். கொப்பியைப் புரட்டி, எந்த வருடம் என்ன செய்தார் என்று பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். காசு வேண்டாம். பழைய பாக்கிகளும் அதில் இருக்கின்றன, பயப்படாதீர்கள், அந்தப் பகுதியை மறைத்துவிட்டு அனுப்புகிறேன்.

அந்தப் பச்சை மொரிஸ் கொப்பியில் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்கு வந்த அன்று இரவே பார்த்தேன். இருக்கிறது, ஏழு இடத்தில். சொந்தக்காரரின் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ அன்றைக்குக் கேட்டு வைக்கவில்லை, அதனால் கடைசியாக அது வந்த நாளில் அப்பா எழுதியதை இங்கேயே தருகிறேன்:

"பச்சை மொரிஸ். பிளக் 4. பொயின்ட் கிளீன். பிரேக் வலது இழுக்குது, சரி செய்தது. முன் இரண்டு பக்கமும் கிரீஸ். இடது டிரனியன் தேய்வு, அடுத்த தரம் மாற்ற வேணும் என்று சொன்னது."

அடுத்த தரம் அந்தக் கார் எங்களிடம் வரவில்லை, ஐயா. கொழும்பில் அதை மாற்றினார்களா என்று ஒருக்கால் ஜக் போட்டுத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.