‘ரயில் இப்போதைக்கு வராது’: சயாம் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போர்க் கைதிகளையும் நம் தோட்டத் தொழிலாளர்களையும் வைத்துச் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், போட்ட மரண ரயில் பாதையைப் பார்க்க ஆண்டுதோறும் நம் மக்களைக் குழு குழுவாக அழைத்துப் போகிறீர்கள். அந்தப் பாதையின் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் மைக் பிடித்து நீங்கள்தான் எங்களுக்குச் சொல்கிறீர்கள். அதனால் நேராகக் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

அந்தப் பாதையில் ஆற்றோரமாக இருக்கும் தாம் கிராசே மரப்பாலத்தின் இரண்டு முனையிலும், ரயில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த ஆள் ஒருவர் நிற்க வேண்டும். அப்படி ஆள் நிறுத்த முடியாவிட்டால் குழுவில் ஒருவரையும் பாலத்தில் ஏற்றாதீர்கள்.

இவ்வளவுதான் கேட்பது. இதற்கு ஏன் ஊரறிய மடல் எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நேரில் கேட்டாயிற்று. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது. மறுவாரமே அடுத்த பயணத்துக்கான விளம்பரமும் வந்தது. ‘மரண ரயில் பாதையில் திரில் நடை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒருவரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் விஷயமல்ல இது. அந்தப் பக்கம் போகும் பெரும்பாலான குழுக்களில் இதுதான் நடக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்களோடு வந்தவர்களில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். அவர் தாய் வயிற்றில் இருந்தபோது ஜப்பான்காரன் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனான். திரும்பி வரவில்லை. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. அப்பா பெயரை ஓர் அட்டையில் எழுதி, கற்பூரம், விபூதி, வெற்றிலையோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பாலத்தை ஒட்டியிருக்கும் குகைக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்துவிடலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பாலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறு பக்கம் கீழே குவே நொய் ஆறு. நடுவே மரக்கால்கள் மேல் ஒற்றைத் தண்டவாளம், அதுவும் பாறையை ஒட்டி வளைந்து போகிறது. சிலிப்பர் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஆற்றுத் தண்ணீர் தெரிகிறது. நம் பிள்ளைகள் அதில் தாவிக்கொண்டு ஓடுவார்கள். அந்த அம்மா சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, அடுத்த கட்டையைப் பார்த்துக் கால் வைத்துப் போனார். “நேரம் இருக்கும்மா, மெதுவா போங்க. ரயில் இப்போதைக்கு வராது” என்றார் வழிகாட்டி.

கால அட்டவணைப்படி அந்த ரயில் எப்போதோ போயிருக்க வேண்டும். தாமதமாக வந்துகொண்டிருந்தது. அந்தத் தடத்தில் ரயில் தாமதமாவது புதிய செய்தியா? ஆற்றில் படகு மோட்டார் இரைச்சல். வளைவில் பாறை மறைக்கிறது. ஊதல் கேட்டபோது வண்டி கண்ணில் படும் தூரத்துக்கு வந்துவிட்டது. இளசுகள் ஓடிவிட்டார்கள். அந்த அம்மாவால் திரும்பவே முடியவில்லை, திரும்பினால் கட்டை தவறிவிடும். எங்கள் குழுவில் வந்த இரண்டு பையன்கள் பாய்ந்து போய், தோளைப் பிடித்து அப்படியே தூக்கி, பாறையில் சற்றே உள்வாங்கிய ஓர் இடத்தில் அவரைச் சாய்த்து முன்னால் நின்றுகொண்டார்கள். ரயில் ஊர்ந்துதான் போனது. ஆனால் ஒவ்வொரு ஜன்னலிலும் கைகள் வெளியே நீட்டிக்கொண்டு வந்தன, கையில் கைப்பேசி. அந்தப் பையன்களின் முதுகுக்கும் அந்தக் கைகளுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருந்தது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கற்பூரப் பை ஆற்றோடு போயிற்று. அட்டையும்தான்.

ரயில் போனதும் வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னது: “பார்த்தீங்களா, என்ன ஒரு எக்ஸ்பீரியன்ஸ்! இதுக்குத் தனிக் காசு வாங்கணும்.” பஸ்ஸில் சிலர் சிரித்தும் விட்டார்கள். அந்த அம்மா இரவு சாப்பிடவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்கும் தெரியும். முதலாவது, அங்கே ரயில் மெதுவாகத்தானே போகிறது என்பது. மெதுவாகத்தான் போகிறது. ஒதுங்க இடம் இருப்பவருக்கு அது ஆறுதலான செய்தி. இடம் இல்லாதவருக்கு மெதுவாக வந்தால் என்ன, வேகமாக வந்தால் என்ன? பெட்டி தண்டவாளத்தைவிட அகலம். படிக்கட்டு இன்னும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதோடு வண்டி தொங்கும் ஆட்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. எண்பது வயதுக்காரர் பாதிப் பாலத்திலிருந்து முனைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களில் யாராவது ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்ததுண்டா?

இரண்டாவது, இதே பாதையில் காஞ்சனபுரி நகரத்து இரும்புப் பாலத்தில் எல்லாரும் நடக்கிறார்களே என்பது. நடக்கிறார்கள். அந்தப் பாலத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்க ஆங்காங்கே மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் வந்தால் கூட்டம் அதில் ஏறிக்கொள்கிறது. நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டி மரப்பாலத்துக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

மூன்றாவது பதில்தான் எனக்கு எரிச்சல் தருவது: ‘பழைய பாதைன்னா அப்படித்தான் இருக்கும், அதுதானே அழகு.’ 1943 அக்டோபரில் முடிந்த பாதை இது. போருக்குப் பிறகு சயாம் அரசு அதை வாங்கி, ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மீதியைச் செப்பனிட்டு 1958இல் ‘நாம் தோக்’ என்ற ஊர் வரைக்கும் ரயில் விட்டது. அன்றிலிருந்து அதில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சந்தைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் பாதை. நாம் நினைப்பதுபோல் அருங்காட்சியகப் பொருள் அல்ல. பழமை என்றால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. லிஸ்பன் நகரத்தில் 1885இலிருந்து ஓடிய குளோரியா மலை டிராம், 2025 செப்டம்பரில் கம்பிவடம் விட்டுப்போய் 16 பேர் உயிரைக் கொண்டுபோனது. அதையும் அழகு என்றுதான் வரிசையில் நின்று ஏறினார்கள்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நாம் தோக்குக்கு அப்பால் ஹெல்ஃபயர் பாஸ் இருக்கிறதே, ஆஸ்திரேலியக் கைதிகளும் மற்றவர்களும் பாறையை உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டிய இடம், அங்கே இப்போது ரயிலே கிடையாது. தண்டவாளத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியர்கள் 1998இல் அங்கே நினைவு மையம் திறந்து, படிக்கட்டு போட்டு, கைப்பிடி வைத்து, நடைபாதையையும் பராமரிக்கிறார்கள். ரயில் வராத இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக நடக்கிறோம். ரயில் வரும் இடத்தில் எதையும் பிடிக்காமல் நடக்கிறோம். ஆஸ்திரேலியர் தங்கள் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் தடுக்கி விழக்கூடாது என்று யோசித்தார்கள். நம் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்காக யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

சொல்ல வந்ததைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காஞ்சனபுரிப் போர் மயானத்தில் 6,982 கைதிகளின் கல்லறைகள் இருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். அதில் நம் ஆட்கள் இல்லை. பாதை போட்டபோது இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும் பகுதி. பெயர்ப் பட்டியல் இல்லை, கல்லறை இல்லை. அந்த மயானத்தில் உங்கள் வழிகாட்டி இருபது நிமிடம் பேசுகிறார், அதில் பாதி ஒரு ஹாலிவுட் படத்தின் கதை. நம்மவர்களுக்கு ஒரு வாக்கியம்: ‘நம்ம ஆளுங்களும் நிறையப் பேர் செத்தாங்க.’ பிறகு யானைச் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் கிளம்புகிறது. கல்லறை இல்லாததால்தான் அந்த அம்மா மாதிரி ஆட்கள் தண்டவாளத்துக்கே கற்பூரம் ஏற்றப் போகிறார்கள். இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். போக வேண்டாம் என்று அவர்களை யாரும் தடுக்க முடியாது. தடுக்கவும் கூடாது. போகிறவர்களைப் பத்திரமாக நிறுத்த ஓர் இடம் காட்டலாம். ரயில் நிறுத்தத்தை ஒட்டிய முனையிலேயே பாலமும் ஆறும் தெரிகின்றன. கற்பூரத்துக்கு அது போதும். ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனாலும் தகும்.

கதவு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாம் வகுப்பு வண்டியில் கதவு திறந்தே கிடக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். படமெடுக்கக் கதவைத் திறந்து நின்ற ஒரு வெளிநாட்டுப் பயணி விழுந்து இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். இருந்தும் வண்டி மரப்பாலத்தை நெருங்கும்போது, “எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, கதவுகிட்ட சூப்பரா வரும்” என்று கூப்பிடுவது யார்? இலங்கை மலைநாட்டு ரயிலுக்குக் கூட்டிப்போகும்போதும் எல்ல என்ற ஊரில் இதே பாட்டு என்று கேள்வி. வெளிநாட்டு ரயில் என்றால் விழுந்தால் அடிபடாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் போலும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபம்தான். ஆனாலும் நீங்கள் இல்லாவிட்டால் அந்த அம்மா அங்கே போயிருக்கவே முடியாது. எல்லை தாண்டுவது, மொழி தெரியாத ஊரில் தங்குவது, சைவச் சாப்பாடு தேடுவது எல்லாம் உங்களால்தான் நடக்கிறது. அந்த நன்றி இருப்பதால்தான் காஞ்சனபுரி போலீசுக்கோ ரயில்வேக்கோ எழுதாமல் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். பாலத்துக்கு நடைபாதையும் கைப்பிடியும் போட வேண்டியது அந்த நாட்டு ரயில்வேயின் வேலை. அது என்றைக்கு நடக்குமோ தெரியாது. உங்கள் வேலைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு ஓடுவது சில ரயில்கள்தான். விடுமுறை நாட்களில் பாங்காக்கிலிருந்து உல்லாச ரயில் ஒன்று கூடுதலாக வரும். அன்றைய வண்டி எங்கே வருகிறது என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். அதிலும் சந்தேகம் வந்தால் நிறுத்தத்தில் கடை போட்டிருப்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் வியாபாரமே ரயிலை நம்பி. குழுவில் இரண்டு உதவியாளர்கள் உங்களிடம் எப்போதும் இருக்கிறார்கள். ஒருவர் பைகளைப் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் டிரோன் பறக்க விடுகிறார். இருவரையும் பாலத்தின் இரண்டு முனைக்கு அனுப்புங்கள், ஆளுக்கொரு விசில் கொடுத்து. முதியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் பாலத்தின் முனையைத் தாண்டி விடாதீர்கள். அவர்கள் கேட்டாலும் விடாதீர்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும், பதிவுப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க ஒரு நம்பர்கூட நீங்கள் கேட்பதில்லை என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

மறுபடியும் அதையே கேட்கிறேன்: இரண்டு முனையிலும் ஆள் இல்லையென்றால், ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

ஆண்டிறுதி விடுமுறைப் பயணத்துக்கு இப்போதே முன்பணம் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விளம்பரத்திலிருந்து ‘திரில் நடை’யை எடுத்துவிடுங்கள். பயணத் திட்டத்தில், தாம் கிராசே என்று போட்டிருக்கும் வரிக்குக் கீழே, எந்த முனையில் யார் நிற்பார் என்று பெயரோடு எழுதித் தாருங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேருக்குப் பணம் கட்டுகிறேன்.

மரியாதையுடன்,
சயாமுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவர்