ஆறுக்கு ஆறு (6/6) பார்வை இருந்தும் படி தெரியவில்லையா?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துப் படங்களையும் பார்த்தோம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என்ன ஒரு முறைப்பு! இங்கே எல்லாரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் கண் பரிசோதனை அறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தால் சண்டைதான் வருகிறது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கண் பரிசோதனைப் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தார், 6/6 என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆனாலும் அந்தி நேரத்தில் படி தெரியவில்லை என்கிறார் என்று எழுதியிருந்தாய். வீம்புக்காரர்தான், ஆனால் இதில் அவர் சொல்வதை நம்பு.

அந்தப் பலகை 1862-ல் நெதர்லாந்தில் ஸ்நெல்லன் என்ற கண் மருத்துவர் வகுத்தது. 6 மீட்டர் தூரத்தில் 9 மில்லிமீட்டர்கூட இல்லாத எழுத்தை வாசித்துவிட்டால் 6/6. சரி, ஆனால் அங்கே எழுத்து நல்ல கறுப்பு, பின்னணி நல்ல வெள்ளை. உன் வீட்டில் சிமெண்டுப் படிக்குக் கீழே இன்னொரு சிமெண்டுப் படி!

எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட, பக்கத்தில் இருப்பதோடு எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் கண் மூளைக்குச் சொல்கிறது. 1953-ல் கஃப்லர் என்ற ஆய்வாளர் பூனையின் விழித்திரையில் இதைக் காட்டினார். தான் பார்க்கும் சின்ன வட்டத்தின் நடுவில் வெளிச்சம் பட்டால் துடிக்கும் நரம்புசெல், அதைச் சுற்றிலும் பட்டால் அடங்கிவிடுகிறது. மொத்தமாகப் பட்டால் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

மங்கலான வித்தியாசத்தைப் பிடிக்கும் திறனைத் தனியாக அளக்க பெல்லி-ராப்சன் பலகை 1988-ல் வந்தது. எழுத்தெல்லாம் ஒரே அளவு, கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் உயரம். மும்மூன்றாக வெளிறிக்கொண்டே போகும். ஒரு மீட்டரில் உட்காரவைத்துக் கேட்போம். "தெரியலை" என்றால் விடமாட்டோம், "குத்துமதிப்பாச் சொல்லுங்க" என்போம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். வெறும் தாள் என்று சாதித்தவர் சரியான எழுத்தைச் சொல்லிவிட்டு அவரே முழிப்பார். மூன்றில் இரண்டு தேறும் கடைசிக் கூட்டம் எதுவோ அதுதான் மதிப்பெண்.

கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம், கண் அழுத்த நோயாகவும் இருக்கலாம். மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வெளிறிய எழுத்துப் பரிசோதனையை, அதாவது கான்ட்ராஸ்ட் டெஸ்ட் வேண்டும் என்று நீயே வாய்விட்டுக் கேள். கேட்காமல் யாரும் எடுப்பதில்லை என்பது என் அனுபவம். அதுவரை படி விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடு. அப்புறம், இட்லியை வெள்ளைத் தட்டில் வைக்காதே; வாழை இலை உத்தமம்.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்