மணிமுத்தாறு அருவி: வெள்ள எச்சரிக்கையும் குளியல் பகுதிச் சீரமைப்பும் வேண்டி மனு

அனுப்புநர்:
மணிமுத்தாறு, சிங்கம்பட்டி வட்டாரப் பொதுமக்கள்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம்,
அம்பாசமுத்திரம்.

பொருள்: மலை மழையளவைக் கொண்டு அருவியைத் திறப்பது, மூடுவது, கைப்பிடிக் கம்பிகள், பாறை வழுக்கல், பிளாஸ்டிக் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம்.

மணிமுத்தாறு அருவியில் குளிக்கத் தடை போடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. வெள்ளம் வரும் அருவியில் ஆளை இறக்கக் கூடாது, அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. தடை எந்தக் கணக்கில் போடப்படுகிறது, அது ஊருக்கு எப்போது தெரிகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. சங்கரன்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேன் பிடித்து வரும் குடும்பம் சோதனைச்சாவடிக்கு வந்த பிறகே தடையைத் தெரிந்துகொள்கிறது. திரும்பிப் போகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. காவல் இல்லாத ஆற்றுத் துறைகளைத் தேடிப் போகிறார்கள். அங்கேயும் கசம் (ஆளை விழுங்கும் ஆழமான நீர்க்குழி) உண்டு.

இந்த அருவியின் வெள்ளம் அருவிக்கரையில் பெய்யும் மழையால் வருவதில்லை. அருவிக்கு மேலே மலையில் தேயிலை எஸ்டேட் உள்ள மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்களில் பெய்வதுதான் இங்கே இறங்குகிறது. மாநிலத்தில் மிக அதிக மழை பதிவாகும் இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் அடக்கம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் குறுகிய ஆறு என்பதால், மேலே கொட்டிய மழை கீழே வருவது மணிக்கணக்கில்தான், நாள்கணக்கில் அல்ல. கல்லிடைக்குறிச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அருவி கலங்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஐப்பசியின் முதல் மழைக்கு ஆறு பெரிதாக எழும்பாது. சோலைக்காட்டு மண்ணும் சருகும் குடித்துவிடும். அடைமழை மூன்றாவது நாளைத் தொட்டதும் மண் நிறைந்துவிடும். அதன்பின் அதே அளவு மழை பெய்தாலும் பெய்தது பெய்தபடி ஆற்றில் இறங்கும். ஆகவே அன்றைய ஒரு நாள் அளவை மட்டும் பார்த்துத் திறப்பது போதாது, முந்தைய மூன்று நாள் மழையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டரில் மூடுவது என்ற எல்லையை வனத்துறையே பழைய பதிவுகளை வைத்து வகுத்துக்கொள்ளலாம். வகுத்ததைச் சாவடியில் எழுதி வைத்தால், ‘ஏன் விடவில்லை’ என்று காவலரிடம் சண்டை பிடிப்பதும் பாதி குறையும்.

நடைமுறையாக நாங்கள் கேட்பது இதுதான். அந்த நான்கு இடங்களின் மழையளவு காலை 7 மணிக்குள் அம்பாசமுத்திரம் அலுவலகத்துக்கு வர வேண்டும். திறப்பா, தடையா என்பது 7.30-க்குள் மாவட்ட நிர்வாகத்தின் சமூக வலைத்தளப் பக்கத்திலும், கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு பேருந்து நிறுத்தப் பலகைகளிலும் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் நண்பகலிலும் 3 மணிக்கும் மீண்டும் அளவு வாங்க வேண்டும், ஏனென்றால் மலையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டுகிறது. எஸ்டேட்டில் ஆள் குறைந்துவரும் நிலையில், அளவு சொல்ல ஒருவர் அங்கே எப்போதும் இருப்பார் என்று இனி நம்ப முடியாது. தானியங்கி மழைமானிகள் வேண்டும்.

அருவிக்கரையில் ஒலிபெருக்கியும் விசிலும் பயன்படாது. தண்ணீர் விழும் ஓசையில் பத்தடி தள்ளி நிற்பவருக்கே பேச்சு கேட்காது. அருவிக்கடியில் நிற்பவர் நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில் சிவப்புக் கொடியும், மங்கிய வேளைக்குச் சிவப்பு விளக்கும் வையுங்கள். சைரன் வேண்டவே வேண்டாம், இது புலிகள் காப்பகம். அருவிக்கு மேலே ஆற்றைப் பார்த்தபடி ஒரு காவலர் வாக்கி டாக்கியுடன் நிற்க வேண்டும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாவது, சருகும் சுள்ளியும் சேர்ந்தாற்போல் மிதந்து வருவது, ஓசை கனப்பது: இதில் ஒன்றைக் கண்டாலும் கேள்வி கேட்காமல் எல்லோரையும் கரையேற்றும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். கசத்தின் ஓரத்தில் மிதவைக் கயிறும், கரையில் இரண்டு மிதவை வளையங்களும், 30 மீட்டர் நைலான் கயிறும் எப்போதும் கைக்கெட்டும்படி இருக்கட்டும். பூட்டிய அறைக்குள் இருந்தால் பயனில்லை.

கைப்பிடிக் கம்பிகள் துருவால் மட்டும் போவதில்லை. படுக்கைவாட்டில் பற்றவைத்த குழாயில் வெள்ளத்தில் வரும் மரத்தடி வந்து மாட்டும். பின்னால் வரும் சருகெல்லாம் அதில் அடைந்து, ஆற்றின் முழு பாரமும் கம்பியில் ஏறி, நட்ட கல்லோடு பெயர்த்துவிடும். அதனால் பாறையில் ஓரடி ஆழம் துளையிட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் தூண்களை நட்டு, இடையில் கழற்றி மாட்டும் சங்கிலி போடுவதே நல்லது. தடை அறிவித்த அன்றே சங்கிலியைக் கழற்றினால் தடி தங்காமல் போய்விடும். தூணின் அடியில் தண்ணீர் தேங்காமல் சிமென்ட்டைச் சரித்துப் பூச வேண்டும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். படிகளுக்கு டைல்ஸ் கூடாது, கொத்திய கருங்கல் போதும்.

வழுக்கலுக்குப் பாசி பாதிக் காரணம், எண்ணெய் மறுபாதி. குற்றாலப் பழக்கத்தில் தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். அது பாறையில் படிந்து, மேலே பாசி ஏறி, எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் போகாத வழுவழுப்பாகிவிடுகிறது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றையும் சாவடியிலேயே வாங்கி வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் காலை அருவியை மூடி, கம்பி பிரஷ்ஷால் பாறையைத் தேய்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள். கசத்து மீன் மிதக்கும். தண்ணீரும் நேரே அணைக்குத்தான் போகிறது. 118 அடி அணையிலிருந்து நான்கு ரீச் (பாசனப் பிரிவு) வரை கால்வாயில் போகும் தண்ணீர் அது.

பிளாஸ்டிக்குக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது: போக, வர ஒரே சாலை, ஒரே சாவடி. ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலிலும் ஒட்டுவில்லை ஒட்டி 20 ரூபாய் வாங்கி, திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணத்தைத் தந்துவிடலாம். நீலகிரியில் காலி மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் முறை 2022-இல் தொடங்கியது, அதே வழிதான். தின்பண்டப் பைகளை உள்ளே விடக் கூடாது. பையின் சலசலப்பைக் கேட்டே குரங்குகள் பாய்கின்றன, பிடுங்கும்போது குழந்தைகள் பாறையில் விழுகிறார்கள். குப்பைத்தொட்டிக்குக் கொக்கி போட்ட மூடி வேண்டும், வெறும் மூடியைக் குரங்கு திறந்துவிடும்.

பெண்கள் உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாளும் உயரத்தில் காற்றுத் துளையும் வேண்டும். கழிப்பறைக் குழி நீரோட்டத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை சூழல் மேம்பாட்டுக் குழு வழியாக இந்தப் பராமரிப்புக்கே ஒதுக்கி, வரவு செலவைச் சாவடிப் பலகையில் மாதந்தோறும் எழுத வேண்டுகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் மழைமானியும் சங்கிலியும் முடிந்தால் மற்றவை அடுத்த கோடைக்குள் ஆகலாம். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மணிமுத்தாறு, சிங்கம்பட்டி வட்டாரப் பொதுமக்கள்

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருநெல்வேலி.