கணக்கெடுப்பு பற்றி ஆரணிக்கு ஒரு கடிதம்

காட்பாடி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. கீதாவுக்கு வேலூர்ப் பள்ளிக்கே மாறுதல் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாறுதலோடு சேர்த்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலையும் அவள் தலையில் விழுமோ என்று கேட்டிருக்கிறாய். விழும், ஆசிரியர்களை விட்டால் இதற்கு வேறு ஆள் ஏது? 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவார்கள். மார்ச் 1 தான் கணக்கு நாள். ஒருவருக்கு எழுநூறு, எண்ணூறு பேர் கொண்ட வட்டாரம் வரும். அவளுக்குத் தேவையானதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், உனக்கு யாரோ அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிடுவோம்.

இன்னும் இருபது வருஷத்தில் முஸ்லிம்கள் இந்துக்களை மிஞ்சிவிடுவார்கள் என்கிறது அது. நீயே ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார். 2011 கணக்கில் இந்துக்கள் 96.6 கோடி, முஸ்லிம்கள் 17.2 கோடி. அதற்கு முந்தைய பத்தாண்டில் இந்துக்கள் 16.8 சதவீதமும் முஸ்லிம்கள் 24.6 சதவீதமும் கூடினார்கள். இந்த வேகம் கொஞ்சமும் குறையாது என்றே வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை 1.168ஆலும் இரண்டாவதை 1.246ஆலும் பெருக்கு. பத்து வருஷம் கழித்து 112.8, 21.4. இன்னொரு பத்து போனால் 131.8, 26.7. இடைவெளி 79 கோடியில் தொடங்கி 105 கோடிக்குப் போயிருக்கிறது. சதவீதத்தில் வேகமாக வளர்கிற சிறிய எண், உருப்படியில் பெரிய எண்ணை விட்டு விலகிக்கொண்டே போகலாம். செய்தி எழுதியவர் இதை மறைத்தார் அல்லது அவருக்கே தெரியாது.

விடாமல் பெருக்கிக்கொண்டே போனால் இருபத்தேழாவது பத்தாண்டில், அதாவது கி.பி. 2280 வாக்கில், இரண்டும் சமமாகும். அப்போது ஒவ்வொரு பக்கமும் 6,000 கோடிக்கு மேல். இரண்டையும் கூட்டினால் இன்றைய உலக மக்கள்தொகையைப் போல ஏறக்குறைய பதினைந்து மடங்கு! அத்தனை பேருக்கும் இந்தியாவில் நிற்க இடமுண்டா என்று அந்த நண்பரிடம் கேள். வேகம் குறையாது என்ற அனுமானமே தவறு என்பது அந்த விடையிலேயே தெரிந்துவிடும்.

குறைந்துகொண்டும் இருக்கிறது. 1992-93இல் தேசியக் குடும்பநல ஆய்வு முதல்முறை நடந்தபோது ஓர் இந்துப் பெண்ணுக்குச் சராசரியாக 3.3 குழந்தைகள், முஸ்லிம் பெண்ணுக்கு 4.4. 2019-21 ஆய்வில் 1.94, 2.36. ஒன்றுக்கு மேல் இருந்த வித்தியாசம் அரைக்கும் கீழே வந்துவிட்டது. மாநிலத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. பிகாரின் சராசரி 3.0, தமிழ்நாட்டின் சராசரி 1.8. வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ உள்ள முஸ்லிம் பெண்ணைவிட பிகார் கிராமத்து இந்துப் பெண்தான் அதிகம் பெறுகிறாள். எத்தனை பிள்ளை என்பதைத் தீர்மானிப்பதில் பெண் எத்தனை வருஷம் பள்ளிக்குப் போனாள், எந்த வயதில் கல்யாணம் ஆயிற்று, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை உண்டா, துணைச் சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்பவற்றுக்கே முதல் இடம். ஈரானில் இஸ்லாமியக் குடியரசு ஆட்சியிலேயே 1980களில் ஆறுக்கு மேல் இருந்த விகிதம் 2000 வாக்கில் இரண்டருகே இறங்கியது. கிராமத்துச் சுகாதாரக் கூடங்களும் பெண்கள் படிப்பும் செய்த வேலை அது. வங்கதேசத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

ஒன்றை மட்டும் பிரித்து வைத்துக்கொள். ஒரு பெண்ணுக்கு 2.1 குழந்தை என்றால் தலைமுறைக்குத் தலைமுறை ஈடாகிவிடும். ஆனால் விகிதம் அதற்குக் கீழே இறங்கிய மறுநாளே மக்கள்தொகை குறையத் தொடங்காது. முன்பு நிறையப் பிறந்த பெண்கள் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டே பெற்றாலும் மொத்தப் பிறப்பு இறப்பைவிட அதிகமாகத்தான் இருக்கும். உலகத்துக்கும் அதே நிலைமை. பாதிக்கு மேற்பட்ட நாடுகள் 2.1க்குக் கீழே வந்துவிட்டன, தென்கொரியா 2023இல் 0.72. ஆனாலும் 2080களில் 1,030 கோடி வரை போய்த்தான் இறங்கும் என்று ஐ.நா. 2024இல் மதிப்பிட்டது.

அடுத்து எல்லை விஷயம், அதாவது எந்த இடமெல்லாம் கணக்குக்குள் வந்தது என்பது. என் கண்ணுக்குத் தெரிந்து மக்கள்தொகைப் பேச்சில் மிக அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இதுதான். 2004 செப்டம்பரில் கணக்கெடுப்புத் துறை 2001ஆம் ஆண்டின் மதவாரிக் கணக்கை வெளியிட்டபோது முஸ்லிம் வளர்ச்சி 36 சதவீதம் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. 1991இல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அங்குள்ள முஸ்லிம்கள் 1991 எண்ணில் இல்லை, 2001 எண்ணில் உண்டு. இல்லாதவர்கள் திடீரென்று பிறந்தவர்களாகிவிட்டார்கள். சில நாளிலேயே திருத்தம் வந்தது, 29 சதவீதச் சொச்சம்தான். அந்த 36 இன்றைக்கும் மேடையேறுகிறது. திருத்தம் எந்த மேடையும் ஏறவில்லை.

இதே கூத்து நம் ஊரிலும் நடக்கக் காத்திருக்கிறது. 2011இல் வேலூர் மாவட்டம் 39,36,331 பேர். 2019இல் மூன்றாகப் பிரித்தார்கள். அதே 2011 கணக்கை இன்றைய எல்லைக்குள் வைத்தால் வேலூர் 16,14,242, ராணிப்பேட்டை 12,10,277, திருப்பத்தூர் 11,11,812. புதிய கணக்கு வந்ததும் எவராவது பழைய 39 லட்சத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வேலூர் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது என்று எழுதுவார், பார். பழைய வட ஆற்காட்டு எண்களை எடுத்தால் பாடு இன்னும் அதிகம். 1911இல் சித்தூர்ப் பக்கம் போனது, 1989இல் உங்கள் ஆரணி திருவண்ணாமலையோடு போனது. நீண்ட காலத்தை ஒப்பிட வேண்டுமானால் மாவட்டப் பெயரை மறந்துவிட்டு வட்டம் வட்டமாக, முடிந்தால் கிராமம் கிராமமாகக் கூட்டி வர வேண்டும். வேறு வழி கிடையாது.

பாலின விகிதத்தையும் கேட்டிருந்தாய். 2011இல் வேலூரில் ஆயிரம் ஆண்களுக்கு 1007 பெண்கள் என்பது பெருமைப்பட வேண்டிய எண்ணாகத் தோன்றும். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் அது 944. இயற்கையாகவே பிறப்பில் ஆயிரம் ஆணுக்கு 950 பெண் சொச்சம்தான் இருக்கும் என்பதால் 944 மோசமில்லை. 1007 ஆனதற்குப் பெண்கள் அதிகம் வாழ்வது ஒரு காரணம், ஆண்கள் சென்னை, பெங்களூரு, வளைகுடா, பட்டாளம் என்று வெளியே போயிருப்பது இன்னொன்று. கம்மவான்பேட்டை மாதிரி ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் ராணுவத்தில் இருந்தால் விகிதம் ஏறாமல் என்ன செய்யும்?

இனி கீதாவுக்கு. படிவத்தில் வயது எழுதும் கட்டத்தில்தான் அதிகத் தவறு நுழையும். "அம்பது நடக்குது" என்றால் முடிந்தது நாற்பத்தொன்பது. அதைத்தான் எழுத வேண்டும். "அம்பது இருக்கும்" என்று இழுத்தால் அது வயதே இல்லை, மேலும் கேட்க வேண்டும். ஆதாரில் உள்ள தேதியை அப்படியே நம்பவும் கூடாது. பிறந்த நாள் தெரியாத பெரியவர்கள் பலருக்கு ஜனவரி 1 என்றோ ஜூலை 1 என்றோ போட்டிருப்பார்கள். "எம்.ஜி.ஆர். இறந்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? மூத்த பிள்ளை பிறந்துடுச்சா?" என்று கேட்கச் சொல். அது 1987 டிசம்பர். ராஜீவ் காந்தி இறந்தது 1991 மே. இப்படி இரண்டு முளையடித்தால் வயது இரண்டு வருஷத்துக்குள் வந்து நிற்கும்.

வேலை முடிந்ததும் அவளே தன் வட்டாரத்தைச் சோதித்துப் பார்க்கலாம். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களை எண்ண வேண்டும். அவர்களில் 25, 30, 35 என்று 60 வரை, பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற வயதுக்காரர்களைத் தனியாக எண்ண வேண்டும். மொத்தம் 400 என்றால் ஐந்தில் ஒரு பங்கு 80 பேர் அப்படி இருப்பது இயல்பு. 144 பேர் இருந்தால் 144ஐ 80ஆல் வகுத்து நூறால் பெருக்கு, 180. விப்பிள் குறியீடு என்பார்கள். 105க்குள் வந்தால் நல்ல கணக்கு, 175ஐத் தாண்டினால் வயதைக் கேட்கவில்லை, ஊகித்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே வட்டாரம் என்றால் ஆள் குறைவு, கொஞ்சம் ஏறி இறங்கும். நாலைந்து பேர் வட்டாரங்களைச் சேர்த்துப் பார்த்தால் நம்பலாம். இந்தப் பிழையோடு, வயது வாரியாக ஆட்களைப் பட்டைகளாக அடுக்கிக் காட்டும் வயதுப் பிரமிடு வரைந்தால் 30, 35, 40 எல்லாம் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து வயதுத் தொகுதிகளாகச் சேர்த்தால் பல் மறைகிறது, பிழை மறைவதில்லை.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அருகே காந்தி ரோட்டுப் பக்கம் வட்டாரம் கிடைத்தால் இன்னொரு சிக்கல். அங்குள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு தங்கியிருக்கிறார்கள். 2011இல் இருந்த விதி இது: கணக்கெடுக்கும் நாட்கள் முழுவதும் சொந்த வீட்டில் இல்லாதவரை அங்கே எழுதக் கூடாது, இருக்கும் இடத்தில்தான் எழுத வேண்டும். நடுவில் ஒரு நாளாவது வீடு திரும்புகிறவர் அங்கே வருவார். ஆக, "எப்போ வந்தீங்க, எப்போ கிளம்புறீங்க" என்ற இரண்டு கேள்வி போதும். வெளியூர்க்காரர் என்று தாண்டிப் போனால் அவர் இரண்டு ஊரிலும் விடுபடுவார். இந்தமுறை விதியில் மாற்றம் இருக்கிறதா என்று பயிற்சியில் கேட்டுக்கொள்ளச் சொல்.

மதம் கேட்கும்போது பெயரைப் பார்த்து எழுதக் கூடாது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கத்து நயினார் (தமிழ்ச் சமணர்) குடும்பங்களைக் கேட்காமலேயே இந்து என்று எழுதிவிடுவார்கள். சமணர் என்றால் மார்வாடி என்றே பலருக்கு நினைப்பு. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்து, சீக்கியர், பௌத்தர் மூவருக்கே உண்டு. ஆகவே ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போகிற தலித் குடும்பம் இந்து என்று சொன்னால் அதற்கும் காரணம் இருக்கிறது. சொன்னதை எழுத வேண்டும், விவாதம் செய்யக் கூடாது. 1931க்குப் பிறகு இப்போதுதான் எல்லாச் சாதியையும் எழுதப் போகிறார்கள். இதே கட்டுப்பாடு அங்கே இன்னும் அதிகம் வேண்டும்.

படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்கு இவ்வளவு கவனமா என்றால், லெபனானைப் பார். அங்கே கடைசியாகத் தலை எண்ணியது 1932இல். 1943 உடன்பாட்டில் அதிபர் மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி, அவைத்தலைவர் ஷியா என்று பங்கு போட்டார்கள். நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவர் ஆறுக்கு முஸ்லிம் ஐந்து. பிறகு மறுபடி எண்ணினால் பங்கு மாறும் என்று எண்ணவே இல்லை. பதினைந்து வருஷ உள்நாட்டுப் போர், 1989 தாயிஃப் உடன்பாடு, அதன் பின் 128 இடத்தில் சரிபாதி. இன்னும் எண்ணவில்லை. நைஜீரியா 2006இல் எண்ணியது, ஆனால் மதம், இனம் என்ற கேள்விகளையே எடுத்துவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று அதிகாரம் பிரிக்கிற நாட்டில் கணக்கெடுப்பு தேர்தலுக்குச் சமம்.

நமக்கும் அது வெகு தூரத்தில் இல்லை. மக்களவை இடங்கள் 1971 கணக்கின்படி நிற்கின்றன. 1976இல் 42ஆவது திருத்தம் உறைய வைத்தது, பின்பு 84ஆவது திருத்தம் 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 543 இடத்தையும் 2011 தொகைக்கு நேர் விகிதத்தில் பிரித்துப் பார்த்தேன். தமிழ்நாடு 39க்குப் பதில் 32, கேரளம் 20க்குப் பதில் 15, பிகார் 40க்குப் பதில் 47, உத்தரப் பிரதேசம் 80க்குப் பதில் 90. ஒரு பிகாரியின் ஓட்டுக்கு நம் ஓட்டைவிட எடை குறைவாக இருப்பது நியாயமா என்ற கேள்வியை நான் தள்ள மாட்டேன். ஆனால் பெண்ணைப் படிக்க வைத்து, ஊர் ஊராகச் சுகாதார நிலையம் கட்டி, பிறப்பைக் குறைத்த மாநிலத்தின் குரலைக் குறைப்பது அதைவிடப் பெரிய அநியாயம் என்பதே என் எண்ணம். மாநிலங்களின் இன்றைய பங்கை அப்படியே வைத்துக்கொண்டு, மாநிலத்துக்குள் தொகுதிகளை மட்டும் சமப்படுத்தலாம்.

வளர்ச்சிக் குறியீடு பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக. மஹ்பூப் உல் ஹக் 1990இல் கொண்டுவந்த மனித வளர்ச்சிக் குறியீட்டில் ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றும் உண்டு. பாலாறு அதில் இல்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உப்புப் போட்டுப் பதப்படுத்திய தோலை முதலில் ஊறவைத்துக் கழுவுவார்கள். அந்த உப்பு நீர் கிணற்றுக்குப் போனால் தென்னை காயும், ஏற்றுமதி வருமானம் மட்டும் குறியீட்டில் ஏறும். 1996இல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் அதே விஷயத்தில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனால் 1989இல் ஜெர்மனி தோலில் ஒரு பூஞ்சைக்கொல்லி இருக்கக் கூடாது என்று தடை போட்டதும் இங்குள்ள பட்டறைகள் மாற்று மருந்துக்கு மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. சரக்கு வாங்குபவன் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை, தண்ணீர் குடிப்பவன் சொல்லுக்குக் கிடைக்கவில்லை.

கீதாவுக்குப் பயிற்சிக் கையேடு கிடைத்ததும் வழக்கமான வசிப்பிடம் பற்றிய பக்கத்தை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். லாட்ஜ் விஷயத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மணி