கயலோட ஆராய்ச்சி ஃபார்ம் பத்தி சுமதிக்கு

அன்புள்ள சுமதி,

உன் லெட்டர் வந்தப்ப நான் நைட் டியூட்டில இருந்தேன், அவசரமா ஒரு தடவை படிச்சிட்டு பைல வச்சிட்டேன், இன்னைக்கு லீவு, அதான் நிதானமா உக்காந்து மறுபடி படிச்சேன். கயல் அம்மாவாகப் போறான்னு நினைக்கவே எவ்ளோ சந்தோஷமா இருக்கு டி. உன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு என்னை எட்டிப் பாத்த புள்ள. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவன் வேலை மாறிட்டான், சின்னவ இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கா, முட்டி வலி வரும் போகும், ரிட்டயர்மென்ட் பத்தி வீட்ல பேச்சு ஓடுது, நான்தான் பிடி குடுக்காம இருக்கேன். பச்சக்குழந்தைங்க வார்டை விட்டுட்டு வீட்ல உக்காந்து என்ன செய்யறதுன்னு தெரியல.

சரி, விஷயத்துக்கு வரேன். கயலை ஒரு ஆராய்ச்சில சேரச் சொல்லி டாக்டர் கேட்டிருக்காங்க, "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு எலி மாதிரி சோதனைக்குப் போகணுமா, நீயே சொல்லு"ன்னு எழுதியிருந்தே. உன் பயம் எனக்குப் புரியுது. ஆனா நான் சொல்லப் போறது நீ எதிர்பாக்கறது இல்ல, அதனால கொஞ்சம் பொறுமையா படி.

முதல்ல அது என்ன ஆராய்ச்சின்னு பாரு. நீ எழுதினதை வச்சு எனக்குப் புரிஞ்சது, குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின்ல ரெண்டு அளவை ஒப்பிட்டுப் பாக்கறாங்க, எது கர்ப்ப காலத்துல பிரஷர் ஏறாம நல்லா தடுக்குதுன்னு. வெறும் மாவு மாத்திரை யாருக்கும் கிடையாது, ரெண்டு பக்கமும் மருந்துதான். கயலுக்கு இது முதல் பிரசவம், உனக்கு அவ வயித்துல இருந்தப்ப பிரஷர் ஏறி ப்ரீஎக்ளாம்ப்சியான்னு சொல்லி சீக்கிரமே எடுத்தாங்களே, அம்மாவுக்கு வந்திருந்தா பொண்ணுக்கும் வர வாய்ப்பு கூடுதல், அதனால ஆராய்ச்சி இருந்தாலும் இல்லாட்டியும் அவ டாக்டர் ஆஸ்பிரின் எழுதத்தான் வாய்ப்பு இருக்கு. எவ்ளோ எழுதுவாங்க? உலக சுகாதார நிறுவனம் 75 மில்லிகிராம்னு சொல்லுது, அமெரிக்காவுல 81, பிரிட்டன்ல 75ல இருந்து 150 வரைக்கும்னு வழிகாட்டுதல் இருக்கு. ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு அளவு. ஆராய்ச்சிக்கு வெளிய இருந்தா அந்த டாக்டர் பழக்கத்துல எது எழுதுவாங்களோ அதை கயல் சாப்பிடுவா, என்ன ஆச்சுன்னு யாரும் கணக்கு வைக்க மாட்டாங்க. உள்ள இருந்தா அதே மருந்துதான், ஆனா ஒவ்வொரு மாசமும் ஒருத்தர் எழுதி வைப்பாங்க. எலி எலின்னு சொல்றியே, கணக்கு வைக்காம மருந்து குடுக்கறதும் சோதனைதான் டி, முடிவு மட்டும் யாருக்கும் கிடைக்காது.

இது சும்மா கிடைச்ச அறிவும் இல்ல. 1994ல கிளாஸ்ப்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 9364 பெண்கள், 60 மில்லிகிராம் ஆஸ்பிரின், பெரிய பலன் தெரியல. ஆஸ்பிரினால பிரயோஜனம் இல்லன்னு அப்பவே மூடி வச்சிருக்கலாம். ஆனா டோஸ் கம்மியோ, லேட்டா ஆரம்பிச்சோமோன்னு விடாம யோசிச்சவங்க இருந்தாங்க. 2017ல ஆஸ்ப்ரேன்னு ஒரு ஆராய்ச்சி முடிவு வந்துச்சு, ரிஸ்க் அதிகம்னு முன்கூட்டியே கண்டுபிடிச்ச 1776 பெண்கள், 11லிருந்து 14 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு 36 வாரம் வரை தினமும் ராத்திரி 150 மில்லிகிராம். 37 வாரத்துக்கு முன்னாடியே ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவங்க, மருந்து இல்லாத பக்கம் 4.3 சதவீதம், மருந்து சாப்பிட்ட பக்கம் 1.6. பாதிக்கும் கீழ. மருந்து குழந்தைய ஏதும் பண்ணிடுமோன்னு நீ கேட்டிருந்தே, கிளாஸ்ப்ல பிறந்த குழந்தைங்களை ஒன்றரை வயசுல மறுபடி கூப்பிட்டுப் பாத்தாங்க, ஆஸ்பிரினால கெடுதல்னு எதுவும் தெரியல. (இதைப் படிச்சிட்டு வீட்ல இருக்கற ஆஸ்பிரினை எடுத்து அவளுக்குக் குடுத்துடாத, டோஸ் வேற, டாக்டர் சொல்லாம கூடவே கூடாது.)

ஏன் இவ்ளோ அடிச்சு சொல்றேன்னா, அந்த பிரஷரோட மறுபக்கம் என் வார்டுதான். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டு போற குழாய் கர்ப்பத்தோட முதல் பாதிலயே விரிஞ்சு குடுக்கணும், அது சரியா விரியலன்னா பின்னாடி பிரஷர் ஏறும், கிட்னி, ஈரல் எல்லாம் பாதிக்கும், வலிப்பு கூட வரும், முழுசா நிறுத்த ஒரே வழி குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளிய எடுக்கறதுதான். எடுத்ததும் அந்தக் குழந்தை என்கிட்ட வரும். இருபத்தொம்பது, முப்பது வாரக் குழந்தை மூச்சு விடறத நீ பாத்ததில்ல. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்செலும்புக்குக் கீழ ஒரு குழி விழும், மூக்கு விரியும், மூச்சை விடும்போது ம்ம் ம்ம்னு ஒரு முனகல் வரும், நுரையீரல் சுருங்கிடாம இருக்க அந்தக் குழந்தையே தொண்டையை மூடி மூடி திறக்கற சத்தம் அது. அந்த சத்தம் நிக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டே டியூட்டி பாப்போம்.

இந்த வேலையில சேந்த காலத்துலேர்ந்து என் மனசுல நிக்கற கதை ஒண்ணு சொல்றேன். நியூசிலாந்துல ஆக்லாந்துல லிக்கின்ஸ்னு ஒரு டாக்டர், பிரசவ வலி எப்படி ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுக்க சினை ஆடுங்களை வச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தார். ஸ்டீராய்டு குடுத்து ரொம்ப முன்னாடியே பிறந்த ஒரு ஆட்டுக்குட்டி, கணக்குப்படி பிழைச்சிருக்கவே கூடாது, காலைல வந்து பாத்தா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. நுரையீரலை எடுத்துப் பாத்தா காத்து போயிருக்கு. அப்போ ஸ்டீராய்டு நுரையீரலை சீக்கிரம் பக்குவப்படுத்துதோன்னு அவருக்குத் தோணிச்சு. குழந்தைங்க டாக்டர் ஹோவியோட சேந்து, சீக்கிரம் பிரசவம் ஆகப்போற 282 அம்மாங்களைக் கேட்டு, ஒரு பாதிக்கு பீட்டாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி, இன்னொரு பாதிக்கு வேற ஊசின்னு போட்டு, 1972ல முடிவை வெளியிட்டாங்க. மூச்சுத் திணறல் 25.8 சதவீதத்துல இருந்து 9க்கு இறங்குச்சு, பிறந்த சில நாள்ல இறந்த குழந்தைங்க 15 சதவீதத்துல இருந்து 3.2க்கு. அந்த 282 அம்மாங்க பேரு யாருக்கும் தெரியாது, அவங்க சரின்னு சொன்னதாலதான் இன்னைக்கு என் வார்டுல பாதி குழந்தைங்க ஈஸியா மூச்சு விடுது.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் என்னன்னா, இவ்ளோ தெளிவா தெரிஞ்சும் அந்த ஊசி பரவலா போடறதுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல பல நாட்டுல சின்னச் சின்ன ஆராய்ச்சி நடந்துச்சு, தனித்தனியா பாத்தா ஒண்ணும் உறுதியா சொல்ல முடியாது, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா பலன் பளிச்சுனு தெரியுது. 1994ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி போடலாம்னு சொன்ன பிறகுதான் வேகம் வந்துச்சு. மருத்துவ ஆராய்ச்சிகளை இப்படி ஒண்ணா சேத்து அலசற காக்ரேன் அமைப்போட சின்னத்துல சின்னச் சின்ன கோடு இருக்கும் பாரு, அது இந்த ஊசி பத்தின ஏழு ஆராய்ச்சியோட முடிவுதான். அந்த வருஷங்கள்ல போன குழந்தைங்களை நினைச்சா மனசு தாங்காது.

அதுக்காக ஒரு தடவை நல்லதுன்னு தெரிஞ்சா எங்கயும் நல்லதுன்னு ஆயிடாது. 2015ல ஆறு நாட்டுல, கிராமப்புறம், சின்ன கிளினிக் எல்லாம் சேத்து அதே ஸ்டீராய்டை பரவலா குடுத்துப் பாத்தாங்க, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பிரசவம், மொத்தமா குழந்தை இறப்பு குறையறதுக்குப் பதிலா கூடிருச்சு. சரியான வாரக் கணக்கு தெரியாம, முழு மாசக் குழந்தைங்களுக்கும் ஊசி போயிருக்கு, அம்மாங்களுக்கு இன்ஃபெக்‌ஷனும் கூடியிருக்கு. அதனால இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியாவுல இருக்கற ஆஸ்பத்திரிங்கள்ல ஸ்கேன்ல வாரத்தை உறுதி பண்ணிக்கிட்டு 2852 பெண்களை சேத்து மறுபடி பாத்தாங்க, 2020ல முடிவு வந்துச்சு, ஊசியால குழந்தைங்க அதிகமா உயிர் பிழைக்குதுன்னு நடுவுலயே தெரிஞ்சதால முன்னாடியே நிறுத்திட்டாங்க. நடுவுல யாரு பாத்தாங்கன்னு கேக்கறியா? ஒவ்வொரு பெரிய ஆராய்ச்சிக்கும் தனியா ஒரு கண்காணிப்புக் குழு இருக்கும், கெடுதல் தெரிஞ்சாலும் நிறுத்தச் சொல்லுவாங்க, பலன் உறுதியானாலும் நிறுத்தச் சொல்லுவாங்க.

உன் பயத்துக்கு அடியில தாலிடோமைடுங்கற மருந்து இருக்குன்னு எனக்குத் தெரியும், நம்ம தலைமுறைக்கு அந்தப் பேரே போதும். ஆனா அந்தக் கொடுமை ஆராய்ச்சில நடந்தது இல்ல சுமதி. 1957ல ஜெர்மனில விக்க ஆரம்பிச்சாங்க, கர்ப்பிணிங்களுக்கு வாந்திக்கு நல்லதுன்னு குடுத்தாங்க, அவங்களுக்கு பாதுகாப்பான்னு ஒழுங்கா பாக்கவே இல்ல, 1961ல நிறுத்தினாங்க, அந்த மருந்தால 10,000க்கும் மேல குழந்தைங்க கை கால் வளராம பிறந்துச்சு. பாக்காம குடுத்ததால வந்தது. அதுக்கப்புறம் பயந்துபோய் கர்ப்பிணிங்களை பெரும்பாலான மருந்து ஆராய்ச்சிலேர்ந்து ஒதுக்கினாங்க, 1977ல அமெரிக்க மருந்துத் துறை குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கற பெண்களையே ஆரம்ப கட்ட ஆராய்ச்சில சேக்காதேன்னு வழிகாட்டுதல் போட்டுச்சு, 1993ல தான் எடுத்தாங்க. விளைவு என்னன்னா இன்னைக்கும் நிறைய மருந்துக்கு "கர்ப்ப காலத்தில் போதிய தகவல் இல்லை"ன்னு சீட்டுல போட்டிருக்கும். காய்ச்சல், தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் கர்ப்பிணிங்களுக்கு வராமலா இருக்கு?

கயலுக்கு வாந்தி நிக்கல, நடிக்கறான்னு யாரோ சொன்னாங்கன்னு எழுதியிருந்தே, படிச்சு கோவம் வந்துச்சு. மார்லீனா ஃபெய்சோன்னு ஒரு மரபணு ஆராய்ச்சியாளர், 1999ல அவங்களுக்கே அந்த கடுமையான வாந்தி வந்து, கஷ்டத்தை சொன்னா சரியா காது குடுத்துக் கேக்கல, கடைசில குழந்தையை இழந்தாங்க. விடல. வருஷக் கணக்கா தேடி, 2023ல கேம்பிரிட்ஜ் குழுவோட சேந்து காரணத்தை வெளியிட்டாங்க, ஜிடிஎஃப்15ன்னு ஒரு ஹார்மோன், குழந்தை, நஞ்சுக்கொடி பக்கத்துலேர்ந்து நிறைய வருது, கர்ப்பத்துக்கு முன்னாடி அது உடம்புல கம்மியா இருந்தவங்களுக்கு தாங்க முடியாம வாந்தி வருது. எப்பவுமே அது அதிகமா இருக்கற, தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய் உள்ள பெண்களுக்கு வாந்தி ரொம்பக் கம்மி. அவ நடிக்கல, அவ உடம்புல நடக்கறதுதான்னு அந்த ஆளுகிட்ட சொல்லு. எடை குறையுதுன்னா சும்மா விடாதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

இப்ப அந்த ஃபார்ம். கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடற இடத்தை மட்டும் காட்டி போடச் சொன்னா போடக் கூடாது, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிக்கணும், அது அவ உரிமை. நடுவுல ஒரு இடத்துல எப்ப வேணா விலகிக்கலாம், விலகினா சிகிச்சை குறையாதுன்னு இருக்கணும், இல்லாட்டி வேணாம்னு நானே சொல்லுவேன். ஏதாவது ஆனா செலவு யாரு பாப்பாங்க, ராத்திரி ரத்தப்போக்கு வந்தா எந்த நம்பர், நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா, இதெல்லாம் கேக்கச் சொல்லு. முக்கியமா குழந்தை பிறந்தப்புறம் எவ்ளோ நாள் தொடர்ந்து பாப்பீங்கன்னு கேக்கணும். டிஇஎஸ்னு ஒரு ஹார்மோன் மாத்திரை, கரு தங்கும்னு சொல்லி 1940கள்லேர்ந்து குடுத்தாங்க, 1953லயே ஒரு ஆராய்ச்சி பிரயோஜனம் இல்லன்னு காட்டிருச்சு, அப்படியும் நிறுத்தல. 1971ல அந்த அம்மாங்களோட வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு அபூர்வமான புற்றுநோய் வந்து கண்டுபிடிச்சாங்க. பிறந்தப்ப நல்லா இருந்த குழந்தைங்க. அதனாலதான் ஆக்லாந்து குழந்தைங்களை முப்பது வயசு வரைக்கும் தேடிப் போய் பாத்திருக்காங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு மனசு நிறைஞ்சுது.

இவ்ளோ எழுதிட்டு இன்னொண்ணும் சொல்லிடறேன். முடிவு கயலோடது. உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல, மாப்பிள்ளையோடதும் இல்ல. எல்லாம் படிச்சிட்டு மனசு ஒப்பலன்னா வேணாம்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்கட்டும், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா "எலி"ங்கற வார்த்தையை மட்டும் அவ காதுல போடாத. அப்புறம் குழந்தை பிறந்ததும் மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், குப்புறப் போட்டா நல்லா தூங்கும்னு பெரியவங்க சொன்னா கேக்காத. பல நாட்டுல டாக்டருங்களே ஒரு காலத்துல அப்படித்தான் சொன்னாங்க, 1990கள்ல மல்லாக்க படுக்க வைங்கன்னு பிரச்சாரம் பண்ணதும் தூக்கத்துல திடீர்னு போற குழந்தைங்க எண்ணிக்கை பாதிக்கும் கீழ இறங்கிருச்சு.

ஆஸ்பிரின் பதினாறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன், அதனால ரொம்ப நாள் யோசிக்க நேரமில்ல. அந்த ஃபார்மை பக்கம் பக்கமா ஃபோட்டோ எடுத்து இன்னைக்கே எனக்கு அனுப்பு, மங்கலா இல்லாம எடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபோன் பண்றேன், கயலையும் பக்கத்துல உக்கார வை, கேள்வியெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வைக்கச் சொல்லு, அவகிட்ட நேரா பேசறேன்.

அன்புடன்,
உன் வாணி