ஹார்டு டிஸ்க் ஒப்பீட்டில் விடுபடும் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் ஹார்டு டிஸ்க் வாங்குவது பற்றி வெளியான கட்டுரையையும், அதனுடன் தந்திருந்த ஒப்பீட்டு அட்டவணையையும் படித்தேன். கொள்ளளவு, வேகம், விலை என மூன்று தலைப்புகளில் பன்னிரண்டு சாதனங்களை வரிசைப்படுத்தியிருந்தீர்கள். திருச்சியில் இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்திவருபவன் நான். அந்த அட்டவணையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு இந்த ஒரு வாரத்தில் மூன்று பேர் என் கடைக்கு வந்துவிட்டார்கள் என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. அதில் உள்ளவை அனைத்தும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களே, குறையும் அதுதான்.

எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏழெட்டு நண்பர்கள் கூடுவது வழக்கம். 40 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கைப் பெருமையாகப் பேசிய காலத்திலிருந்தே, யாருடையதில் எவ்வளவு இடம், யாருடையது நொடிக்கு எத்தனை எம்.பி. எழுதுகிறது என்று அளந்து ஒப்பிட்டுக்கொண்டு வருகிறோம். வேகம் அளக்கும் செயலியான கிரிஸ்டல் டிஸ்க் மார்க்கில் வந்த எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டும் ஆர்வம் இன்றும் யாருக்கும் குறையவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒப்பிட்டதில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. கொள்ளளவைத் தனியாகவும் வேகத்தைத் தனியாகவும் ஒப்பிடுகிறவரை, வாங்குகிறவருக்குத் தேவையான விடை கிடைப்பதில்லை. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தால்தான் கிடைக்கிறது.

தங்கள் நாளிதழ் வேறொரு செய்தியில் இதை நாள்தோறும் சரியாகவே செய்கிறது. மேட்டூர் அணையின் நிலவரம் வெளியிடும்போது நீர்மட்டம், டி.எம்.சி. கணக்கில் நீர் இருப்பு, நொடிக்கு எத்தனை கன அடி வரத்து, எத்தனை கன அடி வெளியேற்றம் என எல்லாவற்றையும் சேர்த்தே அச்சிடுகிறீர்கள். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை மட்டும் தெரிந்துகொண்டு டெல்டா விவசாயி என்ன செய்ய முடியும்? வரத்தே இல்லாமல் நொடிக்கு 20,000 கன அடி திறந்தால் அது ஏறக்குறைய 54 நாளில் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் நாற்றங்காலைப் பற்றி முடிவு செய்கிறார். ஹார்டு டிஸ்க்கில் டி.பி. (டெராபைட்) என்பது இருப்பு, நொடிக்கு இத்தனை எம்.பி. என்பது மதகு. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் கணினி ஆர்வலர்களிடையே இன்னும் வரவில்லை.

முதலில் கொள்ளளவு. சென்ற மாதம் ஒரு பள்ளி ஆசிரியை 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு, “சார், இதுல 931 ஜி.பி.தான் காட்டுது, பழசை வித்துட்டாங்களா?” என்று கேட்டபடி வந்தார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்கை எழுதிக் காட்டினேன். உற்பத்தியாளருக்கு 1 டி.பி. என்றால் ஒரு லட்சம் கோடி பைட். அதை அவர் குறையில்லாமல் தந்துவிட்டார். விண்டோஸ் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதில்லை, 1,024 மடங்காக எண்ணுகிறது. அதன் கணக்கில் ஒரு ஜி.பி. என்பது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட். ஒரு லட்சம் கோடியை அதனால் வகுத்தால் 931 வருகிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 மடங்குக் கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட் போன்ற தனிப் பெயர்களை வகுத்துக் கொடுத்தது. ஆப்பிள் 2009-இல் தன் கணினிகளில் ஆயிரத்தின் கணக்குக்கு மாறிவிட்டது; விண்டோஸ் இன்னும் மாறவில்லை. கொள்ளளவு கூடக்கூட இந்த இடைவெளியும் கூடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எம்.பி. அளவில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது, டி.பி. அளவில் 10 விழுக்காட்டை நெருங்கிவிடுகிறது. 8 டி.பி. வாங்குகிறவர் திரையில் 7.27-ஐப் பார்த்து அதிர்ச்சி அடையாமல் இருக்க அட்டவணையின் அடியில் ஒரு வரி போதும்.

சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென் டிரைவ் என்று விற்கிறார்களே, அது முற்றிலும் வேறு. உள்ளே 32 ஜி.பி.யோ 64 ஜி.பி.யோ இருக்கும், கட்டுப்படுத்தும் சில்லு மட்டும் 2 டி.பி. என்று கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான அளவு நிரம்பியபின் எழுதுவதெல்லாம் பழைய கோப்புகளின் மேலேயே போய் விழும், அல்லது காணாமல் போகும். வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவசச் செயலியால் முழுவதும் எழுதிப் படித்துச் சரிபார்க்காமல் குழந்தையின் பிறந்தநாள் படத்தை அதில் வைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

இனி வேகம். இதில்தான் அட்டவணைகள் மிகுதியாக மறைக்கின்றன. தங்கள் அட்டவணையில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளுக்கு எதிரே “6 ஜிபிட்” என்று வேகம் குறிக்கப்பட்டிருந்தது. அது ஹார்டு டிஸ்க்கைக் கணினியுடன் சேர்க்கும் சாட்டா இணைப்பின் வேகம். அதாவது சாலையின் அகலமே தவிர வண்டியின் வேகம் அன்று. அந்தச் சாலையில் நொடிக்கு 600 எம்.பி. வரை போகலாம். சுழலும் தட்டுள்ள சாதாரண ஹார்டு டிஸ்க் எதுவும் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

தொடர்ச்சியாக ஒரே பெரிய கோப்பைப் படிக்கும் வேகம் ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைப் படிக்கும் வேகம் வேறொன்று. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. தேடும் துண்டு, அதைப் படிக்கும் முனையான ஹெட்டின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்குச் சற்று மேல். அதற்கு முன் ஹெட் உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னும் எட்டு ஒன்பது மில்லி நொடி ஆகும். ஆக, ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 13 மில்லி நொடி. நொடிக்கு எண்பது துண்டுகூட எடுக்க முடியாது. ஒவ்வொரு துண்டும் 4 கே.பி. என்றால், பெட்டியின் மேல் நொடிக்கு 180 எம்.பி. என்று போட்டிருக்கும் அதே ஹார்டு டிஸ்க், நொடிக்கு அரை எம்.பி.யைக்கூடத் தருவதில்லை. விண்டோஸ் தொடங்கும்போதும், ஒரே நேரத்தில் நான்கு செயலிகளைத் திறக்கும்போதும் நடப்பது இந்தச் சிதறிய படிப்புதான். பழைய மடிக்கணினியில், சில்லுகளிலேயே சேமிக்கும் சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டிக் கொடுத்தால் வாடிக்கையாளர் புதுக் கணினி போல இருக்கிறது என்று மகிழ்வதற்குக் காரணம், அதில் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை என்பதே.

இந்தக் காத்திருப்பு ஹார்டு டிஸ்க்குடனேயே பிறந்தது. 1956-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் 4 எம்.பி.க்கும் குறைவு. தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. இன்று 20 டி.பி. கொண்ட ஒரே பெட்டி உள்ளங்கையில் அடங்குகிறது. கொள்ளளவு ஐம்பது லட்சம் மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. சுழற்சியோ 1,200-இலிருந்து 7,200-க்கு வந்திருக்கிறது, ஆறே மடங்கு. இடையில் 15,000 சுழற்சி கொண்டவையும் சர்வர்களுக்காக வந்தன, எஸ்.எஸ்.டி. வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏரியை ஆழப்படுத்திக்கொண்டே போனோம். மதகை அந்த அளவுக்கு அகலப்படுத்த இயற்பியல் இடம் கொடுக்கவில்லை.

எங்கள் ஞாயிறு நண்பர்கள் உட்பட ஆர்வலர்கள் அனைவரும் செய்யும் ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வாங்கிய, காலியான ஹார்டு டிஸ்க்கில்தான் எல்லோரும் வேகத்தை அளக்கிறோம். தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் அதிகத் தகவல் அடங்கும். எழுதத் தொடங்குவதும் அங்கிருந்தே. நிரம்ப நிரம்ப ஹெட் உள்ளே நகர்கிறது, கடைசித் தடங்களில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. எச்.டி. டியூன் என்னும் அளவைச் செயலி வரையும் வேகக் கோடு இடமிருந்து வலமாகச் சரிவது இதனால்தான். அதைப் பழுது என்று எண்ணிக் கொண்டுவந்தவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பதிவு முறையை மறைப்பது. எங்கள் தெருவில் திருமண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் 8 டி.பி. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை, அந்த விலையில் அதுவே பெரியது என்பதால் வாங்கினார். ஓராண்டு நன்றாகவே ஓடியது. பிறகு இடம் நிரம்பியது. பழைய திருமணங்களை அழித்துவிட்டு ஒரு முகூர்த்தத்தின் 1.2 டி.பி. பதிவை வெள்ளிக்கிழமை இரவு அதில் ஏற்றத் தொடங்கினார். முதல் பத்து நிமிடம் நொடிக்கு 170 எம்.பி.; அதன்பின் 30, 20, இடையிடையே பூஜ்யம். கேபிளை இரண்டு முறை மாற்றியும் விடியும்வரை பாதிகூட ஏறவில்லை. காலையில் அதை என் மேசையில் வைத்தபோது கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. நகலெடுப்பதை நிறுத்திவிட்ட பிறகும் உள்ளே ஹெட் இடைவிடாமல் நகரும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. சிறு நீல விளக்கு வெகுநேரம் சிமிட்டிக்கொண்டிருந்தது. பழுதான டிஸ்க் அன்று அது. தன் இயல்புப்படியே உழைத்துக்கொண்டிருந்தது.

அது எஸ்.எம்.ஆர். என்னும் முறையில் பதிவு செய்யும் டிஸ்க். ஓட்டு வீட்டின் கூரையில் ஒரு வரிசை ஓடு அடுத்த வரிசையின் மேல் ஓரளவு படிந்திருப்பது போல, இதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதப்படுகின்றன. அதனால் அதே தட்டில் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் நடுவில் ஓர் ஓட்டினை மாற்ற அதன் மேல் படிந்தவற்றையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டியிருப்பது போல, நடுவில் ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். எழுதியவற்றை முதலில் ஒரு தனி இடத்தில் வாங்கிவைத்து, ஓய்வு நேரத்தில் அடுக்குவதால் தொடக்கத்தில் வேகமாகவே தெரியும். அந்த இடம் நிறைந்ததும் உண்மை வெளிப்படும். ஒருமுறை எழுதிப் பாதுகாத்து வைப்பதற்கு இது தாராளமாகப் போதும். அடிக்கடி அழித்து எழுதுபவருக்குப் பொருந்தாது. 2020-இல் வலையமைப்புச் சேமிப்புக்கென்றே விற்ற சில ஹார்டு டிஸ்க்குகளில்கூட இம்முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது தெரியவந்து, ஆர்வலர்கள் அளந்து காட்டிக் கேள்வி எழுப்பிய பிறகே உற்பத்தியாளர்கள் எந்தெந்த மாடல் எந்த முறை என்ற பட்டியலை வெளியிட்டார்கள். அளந்து பார்க்கும் ஆர்வத்தால் பொதுமக்களுக்குக் கிடைத்த நன்மை என்று அதை நான் மதிக்கிறேன்.

எஸ்.எஸ்.டி.யும் இதற்கு விலக்கன்று. சில்லுக்குள் தகவலைத் தாங்கும் ஒரு சிற்றறையில் மூன்று, நான்கு பிட் வைக்கும் மலிவான வகைகளில், ஒரு பகுதியை மட்டும் ஒரு பிட் வைத்து வேகமாக எழுதும் இடமாக ஒதுக்குகிறார்கள். பெட்டியில் அச்சிடுவது அந்த இடத்தின் வேகம். அது நிரம்பியதும் சில எஸ்.எஸ்.டி.கள் நொடிக்கு 100 எம்.பி.க்கும் கீழே இறங்கி, பழைய ஹார்டு டிஸ்க்கைவிடவும் மெதுவாக எழுதுகின்றன.

வகுத்துப் பார்க்கும் கணக்குக்கு வருகிறேன். 2007-இல் முதன்முதலாக 1 டி.பி. ஹார்டு டிஸ்க் விற்பனைக்கு வந்தபோது, நொடிக்குச் சராசரியாக 70 எம்.பி. என்று கொண்டால் அதை முழுவதும் எழுதி முடிக்க நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். இன்று 20 டி.பி. டிஸ்க்கை நொடிக்கு 200 எம்.பி. வீதம் எழுதினாலும் ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகும். வேகம் மூன்று மடங்கு கூடியது என்று அட்டவணை சொல்லும். காத்திருப்பு ஏழு மடங்கு கூடியதை அது சொல்வதில்லை. ஒரு டிஸ்க் பழுதாகி, அதிலிருப்பதைப் புதியதற்கு மாற்ற வேண்டிய நாளில் வாடிக்கையாளர் என்னிடம் கேட்பது டி.பி.யும் அன்று, எம்.பி.யும் அன்று, “எப்ப வந்து வாங்கிக்கட்டும்?” என்பதுதான். அந்த 28 மணி நேரமும் இன்னொரு நகல் இல்லாமல் இருப்பவரின் முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒரே 8 டி.பி. வாங்க நினைப்பவரிடம், இரண்டு 4 டி.பி. வாங்கி இரண்டிலும் அதே கோப்புகளையே வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்துகிறேன். விற்பனை குறைந்தாலும் சரி.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்த முறை இத்தகைய அட்டவணை வெளியிடும்போது, இணைப்பின் வேகத்தை நீக்கிவிட்டு, சிதறிய 4 கே.பி. துண்டுகளைப் படிக்கும் வேகத்தையும், 100 ஜி.பி.க்கு மேல் தொடர்ந்து எழுதிய பிறகு நிலைக்கும் வேகத்தையும் அளந்து போடுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் பதிவு முறையைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்து எழுதுங்கள். அதில் இல்லையென்றால் ‘தெரிவிக்கப்படவில்லை’ என்றே அச்சிடுங்கள். அட்டவணையின் கடைசி நெடுவரிசையில், முழுவதும் நிரம்ப எத்தனை மணி நேரம் என்பதைப் போடுங்கள். அளப்பதற்கு ஆள் தேவை என்றால், ஞாயிறு மாலைகளில் எங்கள் மேசையும் கணினியும் நண்பர்களும் தயாராக இருக்கிறோம். தீபாவளித் தள்ளுபடி விளம்பரங்கள் வருமுன் அந்த அட்டவணை வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி