சீனாவுல, சியாமென்ல இருக்கிற என் மகளுக்கு

பாப்பா,

நேத்து போன்ல நீ சொன்னது இன்னும் மனசுலயே ஓடிக்கிட்டு இருக்கு. ஆபீஸ் விருந்துல அந்த ஊர் மேனேஜர் நம்ம மலேசியா ஈப்போலருந்து வந்த சீனப் புள்ளகிட்ட, நீ சொந்த வீட்டுக்குத்தானே திரும்பி வந்திருக்கன்னு சொன்னாராம், அவ ஒண்ணுமே பேசாம குனிஞ்சு சூப்ப குடிச்சாளாம், இவங்கல்லாம் எந்தப் பக்கம்ப்பான்னு என்னக் கேட்ட. போன்ல எனக்கு சரியா சொல்ல வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

பக்கத்து வீட்டு சீனத் தாத்தா, ஆ கோங்னு கூப்பிடுவோம், அவர நீ பாத்ததில்ல. நான் சின்னப் பையனா இருந்தப்ப அவரு சீனாவுக்குப் பணம் அனுப்புற கடைக்குப் போறப்பல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போவாரு. கடிதமும் பணமும் ஒண்ணாத்தான் போகும். கவர் நடுவுல நெட்டுக்கு ஒரு சிவப்புப் பட்டை இருக்கும், உள்ள அம்மாவுக்கு இவ்வளவு, அண்ணிக்கு இவ்வளவு, சித்தப்பாவுக்கு இவ்வளவுன்னு பங்கு பிரிச்சு எழுதியிருக்கும். அப்புறம் அங்கருந்து உள்ளங்கை அகலத்துல ஒரு தாளு வரும், பணம் கெடச்சதுக்கு அதுதான் ரசீது. இதத்தான் ச்சியாவ்பின்னு சொல்றாங்க, 2013ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல சேத்துட்டாங்க. ஃபூஜியான், குவாங்டோங் கிராமங்கள்ல எத்தனையோ வீட்டுல அடுப்பு எரிஞ்சது இந்தக் காசுலதான்.

நீ தினம் தாண்டிப் போற அந்த யூனிவர்சிட்டிய 1921ல ஆரம்பிச்சதே சிங்கப்பூர்ல ரப்பர்லயும் அன்னாசிலயும் சம்பாதிச்ச 'தான் கா கீ'ங்கிற சீன வியாபாரிதான். ஜப்பான்காரன் சீனாவுக்குள்ள பூந்தப்ப நம்ம பக்கத்து சீனர்கள்கிட்ட நிதி திரட்டினதும் அவர்தான், 1939ல லாரி டிரைவர் மெக்கானிக்னு ஏறக்குறைய 3,200 பேரு இங்கருந்து சீனாவுக்குப் போர்ச் சாமான் போன பர்மா ரோட்டுக்குக் கெளம்பிப் போனாங்க, மூணுல ஒருத்தர் உயிரோட திரும்பல. ஆ கோங்கோட அண்ணனும் அதுல போனவருதான். பினாங்கு ஆயர் ஈத்தாம்ல அவங்களுக்காக இருக்கிற நினைவுத்தூண் முன்னாடி ஆ கோங் ஊதுபத்தி வச்சுட்டு ரொம்ப நேரம் அசையாம நிப்பாரு, நான் அவரு கையப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.

அங்க உதவினதுக்குப் பழி இங்க விழுந்துச்சு. 1942ல ஜப்பான்காரன் சீன ஆம்பளைங்கள வரிசையில நிக்க வச்சு பொறுக்கிப் பொறுக்கிக் கொன்னதுக்கு அந்த நிதியும் ஒரு காரணம். போர் முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள 1948ல வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டான், காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்கு சோறு போடுறாங்கன்னு சுமார் 5 லட்சம் பேர முள்வேலி போட்ட புதுக்கிராமத்துல கொண்டுபோய் வச்சாங்க, பெரும்பாலும் சீனங்கதான். அந்தக் காலத்துல சீனாவுலருந்து ஒரு கடிதம் வந்தாலே வீட்டுல பயம்தானாம்.

1974ல எனக்குப் பத்து வயசு. நம்ம பிரதமர் துன் ரசாக் பெய்ஜிங் போய் மாவோ கையப் பிடிச்சுக் குலுக்கின படம் தேர்தல் போஸ்டரா கோப்பிக்கடை சுவர்ல ஒட்டியிருந்துச்சு. ஆசியான்ல சீனாவோட முதல்ல உறவு வச்சது நம்ம நாடுதான். மலேசியக் குடியுரிமை எடுத்தவங்க இனி சீனப் பிரஜை இல்லன்னு அந்தக் கூட்டறிக்கையிலயே சீனா எழுதிக் கொடுத்துச்சு. ஆ கோங் பேப்பர ரெண்டு தடவ படிச்சுட்டு மடிச்சு வச்சாரு, உன் தாத்தாகிட்ட பஜார் மலாய்ல 'சாயா சினி பூஞா ஓராங்'னு சொன்னாரு, நான் இந்த ஊர் ஆளுன்னு. ஆனா அவருக்குக் கடைசி வரைக்கும் குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற சிவப்பு ஐசிதான். அத நெனச்சா இன்னைக்கும் எனக்குத் தொண்டைய அடைக்குது பாப்பா.

1980ல சீனா கதவத் தொறந்தப்ப சியாமெனையும் குவாங்டோங்ல இருக்கிற சாந்தோவையும் சிறப்புப் பொருளாதார மண்டலமா தேர்ந்தெடுத்தது சும்மா இல்ல, அங்கருந்து போனவங்க காசும் பழக்கமும் வெளிநாட்டுல இருக்குன்னு தெரிஞ்சுதான். 2016ல அதே சியாமென் யூனிவர்சிட்டி நம்ம சிப்பாங்ல வந்து கிளை தொறந்துச்சு. நல்லதுதான். ஆனா 2015ல சீனத் தூதர் கோலாலம்பூர்ல சீனங்க கடைவீதியான பெட்டாலிங் ஸ்ட்ரீட்டுக்குப் போய் இனப் பாகுபாட்ட எதிர்ப்போம்னு பேசி பெரிய பிரச்சினையாச்சே, அன்னைக்கு ஆ கோங் மகன், உன் அங்கிள்தான், எங்களுக்காகப் பேச இங்க எம்பி இருக்காரு, இவரு யாருன்னு கேட்டாரு. அங்க வீட்டுக்கு வந்துட்டியான்னு கேக்குறாங்க, இங்க கோவம் வந்தா திரும்பிப் போன்னு சொல்றாங்க. நம்மளையும் இந்தியாவுக்குப் போன்னு சொன்னவங்க இருக்காங்க, அந்த வலி உனக்குத் தெரியும். அதனால அந்தப் புள்ளகிட்ட எந்தப் பக்கம்னு நீயும் கேட்டுறாத.

அப்புறம் ஒரு வேல. அங்கிள் பழைய பிஸ்கட் டின்ன தொறந்தாரு, ஆ கோங்குக்கு வந்த கடைசி ரசீதுத் தாளு கெடச்சிருக்கு. ஹைசாங் பக்கத்துல ஒரு கிராமம், இப்ப சியாமென் நகரத்துக்குள்ளயே வந்துடுச்சாம். படம் எடுத்து அனுப்புறேன். சனிக்கிழமை லீவுன்னா அந்த ஈப்போ புள்ளயையும் கூட்டிட்டுப் போ, அங்கிள் வீட்டுல நீ பழகின ஹொக்கியன் பேச்சு அங்க உதவும். அந்த வீடு இன்னும் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு, அங்கிள் நேத்துலருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாரு.

அப்பா